முப்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றவருக்கு

சோமனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 44. பன்னிரண்டு விசைத்தறி வைத்து கூலிக்கு நெய்து கொடுக்கிறவர். கடிதம் நீளம். சாரத்தை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

“பதினாறு வயதில் தறிக்குடோனில் நைட் ஷிப்ட் பார்த்த காலத்திலிருந்து க்ரைம் நாவல் படிக்கிறேன் அம்மா. பஸ் ஸ்டாண்ட் கடையில் மாதாமாதம் வாங்கிவிடுவேன். இப்போதெல்லாம் மூன்றாவது அத்தியாயத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது. சலிப்பாக இருக்கிறது. ஆனால் வேறு எதுவும் ஓட மாட்டேன் என்கிறது. காலேஜில் வேலை பார்க்கும் என் மச்சினன், ‘இன்னும் இதையேவா படிக்கறீங்க மாமா’ என்று சிரித்துவிட்டு, பரிசு வாங்கிய பெரிய நாவல் ஒன்றைக் கொடுத்தான். மூன்று தடவை எடுத்தேன். 38-ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த மாதிரிப் புத்தகம் படிக்கிற மூளை எனக்கு இல்லையா? வேறு வகைப் புத்தகங்களுக்குப் போக வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?”

தம்பி,

மூளையைப் பற்றி அப்புறம் பேசுவோம். இருபத்தொன்பது வருடம் கிளை நூலகங்களில் உட்கார்ந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் கைபட்ட தடித்த நாவல் ஒன்றை அடுக்கிலிருந்து எடுங்கள். திறக்க வேண்டாம். பக்கங்களின் வெட்டு ஓரத்தை மட்டும் பாருங்கள். முன்பகுதி விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கும். ஓர் இடத்தில் அந்தப் பழுப்பு சட்டென்று நிற்கும். அதற்கப்புறம் கடைசிவரைக்கும் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஊர் அதுவரைக்கும்தான் படித்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மச்சினன் கொடுத்த நாவல் எங்கள் நூலகத்திலும் ஒரு பிரதி இருந்தது. (பெயரை இங்கே போடவில்லை. நல்ல நாவல்தான்.) பழுப்பு நின்ற இடத்தை ஒரு நாள் திறந்து பார்த்தேன். 41-ஆம் பக்கம். உங்களுக்கு மூன்று பக்கம் தள்ளி ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது.

க்ரைம் நாவல்களுக்கு இந்தக் கதை கிடையாது. ஓரம் முழுக்க ஒரே சீராக அழுக்கேறியிருக்கும். கடைசித் தாளை மட்டும் எந்தப் புண்ணியவானாவது கிழித்துக்கொண்டு போயிருப்பார்.

ஏன் அங்கே நிற்கிறது? மாத நாவலில் இரண்டாவது பக்கத்துக்குள் ஒரு பிணம் விழுந்துவிடுகிறது. அதற்கப்புறம் வருகிற வரி எல்லாம் அந்தப் பிணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாசலில் கிடக்கிற செருப்பு, பாதி குடித்து வைத்த காப்பி, எல்லாம் தடயம். இருபத்தெட்டு வருடம் அப்படிப் படித்துப் பழகிய கண், பெரிய நாவலுக்குள் போனதும் என்ன செய்யும்? தாத்தா வெட்டிய கிணற்றைப் பற்றி நாலு பக்கம் வந்தால், இந்தக் கிணற்றில் யாரைத் தள்ளப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். யாரையும் தள்ள மாட்டார்கள். அது வெறும் கிணறு. அங்கேதான் உங்களுக்குக் கொட்டாவி வருகிறது.

புதிதாகச் சம்பந்தம் செய்த வீட்டுக்கு முதல் தடவை ஒரம்பரை, அதாவது விருந்தாளியாக, போவதை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் மாமனா, சித்தப்பனா தெரியாது. யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பொதுவாகச் சிரித்து வைப்போம். அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டால் அந்த வீடு சரியில்லை என்றா சொல்வீர்கள்? சோறு உண்டு முடிக்கிறபோது பாதி முறை பிடிபட்டிருக்கும். பெரிய நாவல்களின் முதல் நாற்பது ஐம்பது பக்கம் அந்தத் திண்ணை நேரம்தான். அங்கே எதையும் நினைவில் வைக்க முயற்சி செய்யாமல், சும்மா பார்த்துக்கொண்டு போனால் போதும். வேண்டியவர்கள் மறுபடி வருவார்கள்.

இன்னொன்று, நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் என்பது. குடோனில், தறிச் சத்தத்துக்கு நடுவில், ஊடை (குறுக்கு நூல்) தீர்ந்து ஒரு தறி நின்றதும் எழுந்து ஓடிவிட்டுத் திரும்பி வந்து, பத்துப் பத்து நிமிடமாகப் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாத நாவல் அந்தப் பத்து நிமிடத்துக்கென்றே எழுதப்படுவது. குட்டி அத்தியாயம், முடிவில் ஒரு கொக்கி. எழுந்து போனாலும் அந்தக் கொக்கி இழுத்துக்கொண்டு வந்துவிடும். கோயம்புத்தூரிலேயே இருந்துகொண்டு ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார் என்றால், நிற்கவும் உட்காரவும் நேரமில்லாத இப்படி ஒரு வாசகரை அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அதே பத்து நிமிடத்தில் 600 பக்க நாவலைப் படித்தால், ஒவ்வொரு தடவையும் திண்ணையில் முதலிலிருந்து உட்கார வேண்டியிருக்கும். ஆகவே குடோனுக்கு ஒரு புத்தகம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு புத்தகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குடோனுக்குக் கட்டுரை, கவிதை, சிறுகதை, காமிக்ஸ், எதுவானாலும் துண்டாக இருக்கட்டும்.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வாராவாரம் வருவாள். குடும்ப நாவல் தவிர வேறு தொட மாட்டாள். ஒரு நாள் எனக்கு உபதேசம் செய்யும் ஆசை வந்துவிட்டது. “எத்தனை நாளைக்குக் கண்ணு இதையே படிப்பே” என்று சொல்லி, கனமான இலக்கிய நாவல் ஒன்றை அவள் கையில் திணித்தேன். மூன்றாம் நாள் திருப்பி வைத்துவிட்டுப் போனவள் ஒரு வருடம் நூலகப் பக்கமே வரவில்லை. திரும்ப வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவளேதான் ஒரு நாள் கேட்டாள்: “இந்தக் கதையில மைசூர் அரண்மனைன்னு வருதுங்களே, அது இவங்க எழுதின மாதிரிதான் இருக்குங்களா?” பயணக்கட்டுரை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து திப்பு சுல்தானுக்குப் போனாள். அடுத்த மழைக்காலத்துக்குள் வரலாற்று அடுக்கில் பாதியை முடித்துவிட்டாள். குடும்ப நாவலையும் விடவில்லை. ஏன் விட வேண்டும்?

உங்கள் மச்சினன் செய்ததும் நான் செய்த அதே தப்புதான். க்ரைம் கீழ்ப்படி, இலக்கியம் மேல்படி, ஏறி வா என்பது. புத்தக வகைகள் படிக்கட்டு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை பக்கத்துப் பக்கத்துக் காடுகள். நடுவில் இட்டேரி, இரண்டு வேலிக்கு இடையிலான பாதை, போகிறது. ஒரு புத்தகத்தை மூடின பிறகும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிற கேள்வி எதுவோ, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த காட்டுக்குள் போகலாம்.

உங்களுக்குத் தறி தெரியும் என்பதால் இதைச் சொல்வது சுலபம். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) தீர்ந்ததும் என்ன செய்கிறீர்கள்? பழைய பாவை உருவி எறிந்துவிட்டு, புதுப் பாவை இழை இழையாக விழுதிலும் அச்சிலும் கோத்துக்கொண்டா இருக்கிறீர்கள்? பழையதன் வாலை அப்படியே விட்டு, அதன் ஒவ்வொரு இழையோடும் புதிய இழையைப் பிணைத்து இழுத்துவிடுகிறீர்கள். இருபத்தெட்டு வருடம் க்ரைம் படித்தவருக்கு வால் இல்லாமலா போகும்? அதில்தான் பிணைக்க வேண்டும்.

முதல் முடிச்சு, ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’. 1942-இல் வந்தது. சின்ன நாவல், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். கணவனை இழந்தவள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அவ்வளவுதான் விஷயம். கொங்குக் கிராமம், நம் பேச்சு, நமக்குத் தெரிந்த பங்காளிச் சண்டை. முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸ் கேஸ் படித்த கண்ணுக்கு, எங்கோ ஏதோ நடக்கப்போகிறது என்பது முதல் அத்தியாயங்களிலேயே மூக்கில் அடிக்கும். வித்தியாசம் ஒன்றுதான். மாத நாவலில் ‘யார் செய்தது’ என்று கேட்டுக்கொண்டே போவீர்கள். இதில் எல்லாரும் கண் முன்னால் இருக்கிறார்கள், யாரும் ஒளியவில்லை. ‘இந்த மனுசர்கள் ஏன் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்’ என்ற கேள்விதான் இழுத்துக்கொண்டு போகும். கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டால், அந்த மற்ற வகை நாவல் முழுக்கத் திறந்துகொள்கிறது. மூன்றாவது அத்தியாயத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுகிறவருக்கு இது தெம்பான வேலை.

இரண்டாவது, நாவலே இல்லை. நான் வேலை பார்த்த நூலகத்தில் புத்தகங்கள், பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கிற டூயி தசம முறைப்படி அடுக்கப்பட்டிருந்தன. தமிழ் இலக்கியம் முழுக்க 894.811 என்ற எண்ணுக்குக் கீழே வரும். நீங்கள் இத்தனை காலமும் அந்த ஒரு மூலையிலேயே இருந்திருக்கிறீர்கள். நிஜமான குற்றங்களைப் பற்றிய நூல்கள் 364-இல், நாலைந்து அடுக்கு தள்ளி, சமூகவியலோடு இருக்கும். கொலைக் கதைக்கும் கொலைக்கும் நடுவில் அவ்வளவு தூரம்! அடுக்குகிறவர்களுக்கு அது வசதி, படிக்கிறவர்களுக்கு இல்லை. ஒரு தடவை 364-க்கு நடந்து பாருங்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் 599. பாலூட்டிகள்.

பாலூட்டிக்கும் க்ரைமுக்கும் என்ன என்கிறீர்களா? புலி ஆராய்ச்சி துப்பறியும் வேலைதான் தம்பி. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. அதிலும் ஒரே புலியின் இடது விலாவும் வலது விலாவும் வேறு வேறு. ஆகவே காட்டுப் பாதையின் இரண்டு பக்கமும் தானியங்கிக் கேமராவைக் கட்டி, நடந்து போகிற புலியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, ‘இது அவன்தான்’ என்று முடிவு செய்கிறார்கள். எச்சத்தில் கிடக்கிற மயிரை நுண்ணோக்கியில் வைத்து, தின்றது மானா, காட்டுப்பன்றியா என்று கண்டுபிடிக்கிறார்கள். கர்நாடகத்துப் புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் எழுதிய நூல் ‘கானுறை வேங்கை’ என்று தமிழில் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் தியடோர் பாஸ்கரன், நம் தாராபுரத்தில் பிறந்தவர். 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் நமக்குக் கூப்பிடு தூரம். இந்த வகையைப் படித்த பிறகு அந்தப் பக்கம் போனால் ரோட்டோரம் கூட வேறு மாதிரித் தெரியும். பாஸ்கரனே எழுதிய சூழலியல் கட்டுரைகளும் கிடைக்கும். ஒவ்வொன்றும் சில பக்கம்தான். குடோனுக்கு ஏற்றவை.

மூன்றாவது முடிச்சைக் கொஞ்சம் எச்சரித்துத்தான் கொடுப்பேன். மாத நாவலில் இன்ஸ்பெக்டர் எப்போதும் நம் ஆள். அவர் விசாரணை அறைக்குள் கூட்டிக்கொண்டு போகிற ஆளின் பக்கம் நின்று எழுதப்பட்டது ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. 2004-இல் வந்தது. சத்தியமங்கலம் மலையில் சோளகர் என்ற பழங்குடி மக்கள் பட்ட பாடு, வீரப்பனைத் தேடிய காலத்துச் சித்திரவதைகள். ராத்திரி படித்துவிட்டுத் தூங்க முடியாது. வாழ்க்கையில் வேறு கஷ்டம் ஓடிக்கொண்டிருக்கிற மாதத்தில் எடுக்காதீர்கள். அதே போல ‘எரியும் பனிக்காடு’. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆசை காட்டி வால்பாறைக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் கதை. நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டூர் போகிற வால்பாறைதான். இதில் கொலைகாரன் யார் என்று முதல் பக்கத்திலிருந்தே தெரியும். பிடிக்கத்தான் முடியாது.

கவிதை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு பாட்டு சொல்கிறேன். தருமிக்குச் சிவபெருமான் எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்களே, ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’, குறுந்தொகையில் இரண்டாம் பாட்டு. (அந்தக் கொங்கு நம் கொங்கு இல்லை, பூந்தாது. இங்கே ஒவ்வொரு மேடையிலும் யாராவது அதை நம் ஊர்ப் பெருமையாக்கிவிடுகிறார்கள்.) காதலன் ஒரு வண்டைப் பார்த்துக் கேட்கிறான்: நீ சுற்றாத பூ இல்லையே, இவள் கூந்தலை விட வாசமான பூ உண்டா? கேட்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போடுகிறான்: ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’. எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். கூண்டில் ஏற்றின சாட்சியிடம் வக்கீல் சொல்வது இதைத்தானே? ஐந்தே அடிக்குள் சாட்சி, விசாரணை, வழக்கு எல்லாம் வந்துவிட்டது. நல்ல உரையோடு ஒரு குறுந்தொகைப் பதிப்பு வாங்கி, தறிமேஜை இழுப்பறையில் போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். கவிதைப் புத்தகத்தை நாவல் மாதிரி ஒரே மூச்சில் படிக்கிறவர்களுக்குத்தான் அது பிடிக்காமல் போகிறது.

தன்வரலாற்றுக்கு நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’. மோகனூரில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர், உங்களுக்கு அந்த ஒரு வால் போதும். சொல்லகராதியையும் படிக்கலாம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ கிடைத்தால் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திறந்து, உங்கள் அப்பத்தா சொன்ன சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு மணி நேரம் போவது தெரியாது. அறிவியல் புனைகதைக்கு இப்போது அவசரமில்லை. தன்னம்பிக்கை நூல்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ரஷ்ய நாவல் மாதிரி மொழிபெயர்ப்புகளுக்குப் போகிறபோது பெயர்கள் உங்களை அடிக்கும். ஒரே ஆளைச் சொந்தப் பெயரில், அப்பா பெயரைச் சேர்த்து, குடும்பப் பெயரில், செல்லப் பெயரில் என்று நாலு விதமாகக் கூப்பிடுவார்கள். நானும் அங்கே பல தடவை மாட்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில், சந்தேகத்துக்கு இடமானவர்கள் பட்டியல் போடுகிற மாதிரி, பெயரையும் முறையையும் எழுதி அடையாளத் தாளாக வைத்துக்கொண்டேன். பாதிப் புத்தகத்தில் சீட்டு தேவைப்படாமல் போய்விடும்.

நூலகத்துக்குப் போனால் அடுக்குகளுக்கு முன்னால், மற்றவர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் கிடக்கிற மேஜையைப் பாருங்கள். இன்னும் அடுக்கப்படாததால் எல்லா வகையும் கலந்து கிடக்கும். ஜோசியத்துக்கு மேல் வேதியியல், அதற்கு மேல் சமையல். நீங்களாகத் தேடிப் போக மாட்டாத புத்தகம் அங்கேதான் கையில் தட்டுப்படும். உங்கள் அட்டைக்கு எத்தனை புத்தகம் தருகிறார்களோ, அதில் ஒன்று எப்போதும் க்ரைமாக இருக்கட்டும். புதியது ஓடாவிட்டால் அன்று ராத்திரி வெறுங்கையோடு படுக்க வேண்டியதில்லை. ஓடாததைக் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். ‘முடிச்சாச்சா’ என்று எந்த நூலகரும் கேட்க மாட்டார். கேட்டால், தேதித்தாளைக் காட்டி, நாள் ஆகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

வாங்குவதென்றால் ஜூலையில் கோவை கொடிசியா, ஆகஸ்டில் ஈரோடு, இரண்டு புத்தகத் திருவிழாவும் உங்களுக்குப் பக்கம்தான். முதல் தடவை பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சும்மா சுற்றுங்கள். பின்னட்டையை நம்ப வேண்டாம், அதில் எல்லாப் புத்தகமும் மகத்தானதுதான். முதல் பக்கத்தையும் எழுதினவர் பலமுறை தேய்த்திருப்பார். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, நின்றவாக்கில் இரண்டு பத்தி படியுங்கள். கால் வலிப்பது மறந்துவிட்டால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் கொடுத்த நாவலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பீரோவில் இருக்கட்டும். ஆனால் 38-ஆம் பக்கத்தில் வைத்திருக்கிற அடையாளத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது இருக்கிறவரைக்கும் பாக்கிக் கணக்கு மாதிரி உறுத்தும். ‘நாகம்மா’ளை முடித்த பிறகு என்றைக்காவது எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து எடுங்கள், கிணறு கிணறாகவே இருக்கட்டும்.

ஒன்றை எழுத விட்டுவிட்டீர்கள். இத்தனை வருடத்தில் படித்த க்ரைம் நாவல்களில், கொலைகாரன் யார் என்பது மறந்துபோன பிறகும் உங்களுக்கு நினைவில் நிற்பது எது? ஒரு ஊரா, ஒரு வீடா, விஷத்தின் பெயரா, செத்துப்போனவளின் அம்மாவா? அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதுங்கள். நாலாவது முடிச்சு எங்கே போடலாம் என்று பார்க்கிறேன்.